கொழும்புத் தொடர்மாடியைப் புகையற்ற இடமாக்கும் வழி: முதல் நாளிலிருந்து 90-ஆம் நாள் வரை

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை, தெஹிவளை ஆகிய இடங்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. இரண்டாம் மாடிப் பால்கனியில் பற்றவைத்த சிகரட்டின் புகை நான்காம் மாடியில் தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் அறைக்குள் போய்விடுகிறது. அதை நிறுத்த முயல்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு பலகையை ஒட்டுவதிலோ வாட்ஸ்அப் குழுவில் கோபமாக எழுதுவதிலோ தொடங்கி, இரண்டு வாரத்தில் களைத்துப் போகிறார்கள். அவர்களிடம் அக்கறைக்குக் குறைவில்லை. வேலையைச் செய்யும் வரிசைதான் பிழைத்துவிடுகிறது.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை: கட்டடத்தின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத் (வீட்டு உரிமையாளர்கள் சேர்ந்து கட்டடத்தை நிர்வகிக்கும் அமைப்பு) துணைவிதிகளின் பிரதி, ஒவ்வொரு மாடிக்கும் கையால் வரைந்த ஒரு வரைபடம், ஒரு குறிப்புப் புத்தகம், ஒரு பக்கற் ஊதுபத்தி, ரிஷ்யூ கடதாசி, உடன் நிற்க இரண்டு மூன்று அயலவர்கள். அவர்களில் ஒருவராவது சிங்களமும் ஆங்கிலமும் சரளமாகப் பேசக்கூடியவராக இருக்கட்டும். மூன்று மாதம் ஒதுக்குங்கள். அதைவிட அவசரப்பட்டால் எதிர்ப்புத்தான் மிஞ்சும்.

1. மெஷின் வாங்கும் எண்ணத்தை முதலில் விடுங்கள்

பலர் முதலில் காசைச் செலவழிப்பது காற்றுச் சுத்திகரிப்பு இயந்திரத்துக்கு. அது ஏன் போதாது என்பதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். பொதுக்கூட்டத்தில் யாராவது ஒருவர் இதே யோசனையோடு எழும்புவார்.

சிகரட்டிலிருந்து இரண்டு வகைப் புகை வருகிறது. ஒன்று, சிகரட் குடிப்பவர் இழுத்து ஊதுவது. மற்றது, இழுக்காத நேரத்தில் எரியும் நுனியிலிருந்து தானாக எழுவது. அயலவர் சுவாசிக்கும் புகையில் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகை. இது குறைந்த வெப்பத்தில் எரிவதால் வருவது, சிகரட்டின் வடிகட்டி வழியாக வராதது. அதில் 7,000-க்கு மேற்பட்ட இரசாயனங்கள் உள்ளன. சுமார் 70 புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரோனை விடச் சிறியவை என்பதால் தரையில் படியாமல் மணிக்கணக்கில் மிதக்கும்.

நுண்வடிகட்டி உள்ள நல்ல இயந்திரம் துகள்களைக் குறைக்கும். காபன் மொனொக்சைட்டையும் மற்ற வாயுக்களையும் அதனால் பிடிக்க முடியாது. கரி வடிகட்டி சில வாயுக்களைக் கொஞ்சக் காலம் உறிஞ்சிவிட்டு நிரம்பிப் போகும். சாதாரண ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதே இல்லை. அறைக்குள் உள்ள காற்றையே குளிர்வித்துச் சுற்றிவிடுகிறது, புகையும் அதோடு சுற்றும். மணம் நீக்கும் ஸ்பிரே மணத்தை மட்டும் மறைக்கும்.

அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 2006-ஆம் ஆண்டு அறிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது: பிறர் புகையில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை, குடிப்பவர்களைத் தனியாக இருத்துவதும், காற்றைச் சுத்தம் செய்வதும், காற்றோட்டம் கொடுப்பதும் அதை இல்லாமலாக்க மாட்டா. பிறர் புகைக்குள் தொடர்ந்து வாழும் புகைக்காத ஒருவருக்கு இருதய நோய் ஆபத்து 25 முதல் 30 சதவீதமும், நுரையீரல் புற்றுநோய் ஆபத்து 20 முதல் 30 சதவீதமும் கூடுகின்றன. பிள்ளைகளுக்கு ஆஸ்துமா கடுமையாகிறது, நடுக்காது அழற்சி அடிக்கடி வருகிறது, கைக்குழந்தைகளில் திடீர் மரண அபாயம் ஏறுகிறது. கூட்டத்தில் சொல்ல இவ்வளவும் போதும். படம் காட்டிப் பயமுறுத்த வேண்டாம். பயந்த மனிதர் வாதாடத்தான் எழும்புவார்.

2. புகை எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிழையான வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். மணம் கீழ்வீட்டிலிருந்து வருகிறது என்று நினைப்பார்கள். உண்மையில் அது பக்கத்துப் படிக்கட்டிலிருந்து கதவின் கீழ் இடைவெளியால் வந்திருக்கும். பிழையாகக் குற்றம் சாட்டப்பட்டவர் அதற்குப் பிறகு எந்த விதிக்கும் கை உயர்த்த மாட்டார்.

இரண்டு வாரம் குறிப்பெடுங்கள். திகதி, நேரம், எந்த அறை, எந்த யன்னல் திறந்திருந்தது, எக்ஸோஸ்ட் ஃபான் ஓடியதா, காற்று எந்தப் பக்கம். ஐந்து சொல்லில் ஒரு வரி போதும். பல கட்டடங்களில் ஒரு ஒழுங்கு தெரியவரும்: வேலை முடிந்து வரும் நேரம், இராச்சாப்பாட்டுக்குப் பின், காவலாளி மாறும் வேளை.

காற்றின் திசையை எழுதுவது முக்கியம். கடற்கரைப் பக்கக் கட்டடங்களில் பகலில் கடற்காற்று உள்நோக்கி வரும், இரவில் தரைக்காற்று கடலை நோக்கிப் போகும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று பலமாக வீசும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்கிலிருந்து வரும். ஜூலையில் ஒருவருக்கும் தொல்லை தராத பால்கனி ஜனவரியில் மூன்று வீட்டுக்குத் தொல்லை தரலாம்.

அடுத்து ஊதுபத்திச் சோதனை. புகை உணரும் அலாரம் உள்ள கட்டடமானால் காவலாளிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

யன்னல்களை மூடுங்கள், மேல்விசிறியை நிறுத்துங்கள், குளியலறை எக்ஸோஸ்ட் ஃபானை ஓட விடுங்கள். ஊதுபத்தியைக் கொளுத்தி, வாசற்கதவின் கீழ் இடைவெளிக்கு ஒரு அங்குலம் தள்ளிப் பிடியுங்கள். திரைச்சீலையிலிருந்து விலகி நில்லுங்கள். புகை அறையின் உட்பக்கம் வளைந்தால் அந்த இடைவெளியால் காற்று உள்ளே வருகிறது என்று அர்த்தம். இதே மாதிரி ஏசிக் குழாய் சுவரைத் துளைத்துப் போகும் இடம், ப்ளக் பெட்டிகள், குசினித் தொட்டியின் கீழ்க் குழாய் துளை, குளியலறைத் தரைத் துளை எல்லாவற்றிலும் பாருங்கள். ஊதுபத்தி ஒத்துக்கொள்ளாத வீட்டில் ரிஷ்யூக் கடதாசியை மெல்லிய கீலமாகக் கிழித்துத் தொங்கவிட்டாலும் அசைவு தெரியும்.

இங்கே அடிக்கடி காண்பது: புகையை விரட்டுவதற்கென்று எக்ஸோஸ்ட் ஃபானைப் போட்டுவிட்டு எல்லா யன்னலையும் மூடுகிறார்கள். வெளியேறும் காற்றுக்கு ஈடாகக் காற்று எங்கிருந்தோ வந்தாக வேண்டும். யன்னல் மூடியிருந்தால் அது படிக்கட்டிலிருந்தும் அயல்வீட்டுக் குழாய் வழியிலிருந்தும் வரும். புகையை இழுத்து உள்ளே கொண்டுவருவது அந்த ஃபான்தான்.

இன்னொரு தவறான நம்பிக்கை, ஏசியின் வெளிப்பெட்டி புகையை உறிஞ்சி வீட்டுக்குள் விடுகிறது என்பது. வெளிப்பெட்டிக்கும் அறைக்கும் இடையில் குளிரூட்டி வாயு ஓடும் செப்புக் குழாய்தான் உண்டு, காற்று வழி இல்லை. அந்தக் குழாய்க்காகச் சுவரில் துளைத்த துளையைச் சரியாக அடைக்காமல் விட்டிருந்தால் அதனால்தான் புகை வரும்.

பழைய கட்டடங்களில் நடுவே கூரை வரை திறந்த காற்றுக் கிணறு இருக்கும். குளியலறை, குசினி யன்னல்கள் அதற்குள் திறக்கும். கீழ்மாடிக் குளியலறையில் ஒருவர் குடித்தால் சூடான புகை அந்தக் கிணற்றில் ஏறி மேல்மாடிக் குளியலறைகளுக்குள் நுழையும். உங்கள் வரைபடத்தில் இந்தக் கிணற்றைத் தடித்த கோட்டால் குறியுங்கள். பெரும்பாலான புதிர்களுக்கு விடை அங்கேதான் கிடைக்கும்.

3. விதி வரும்வரை வீட்டைக் காப்பது

விதி நடைமுறைக்கு வர வாரங்கள் ஆகும். அதுவரை குழந்தையோ சுவாச நோயாளியோ உள்ள வீட்டில் இவற்றைச் செய்யுங்கள்.

வாசற்கதவின் அடியில் ரப்பர்ப் பட்டி பூட்டுங்கள். கடைக்குப் போகுமுன் இடைவெளியை இரண்டு முனையிலும் நடுவிலும் அளந்து, மிகப் பெரிய அளவுக்கு வாங்குங்கள்; பழைய தரைகள் சமமாக இருப்பதில்லை. ஏசிக் குழாய்த் துளையையும் தொட்டிக்குக் கீழுள்ள துளைகளையும் சிலிக்கனால் அடையுங்கள். பாவிக்காத குளியலறையின் தரைத் துளையில் வாரத்துக்கு ஒரு லீற்றர் தண்ணீர் ஊற்றுங்கள். அங்குள்ள நீர்ப்பூட்டு (குழாய் வளைவில் நிற்கும் தண்ணீர்) காய்ந்தால் குழாய்வழிக் காற்று மேலே வரும். எக்ஸோஸ்ட் ஃபான் ஓடும்போது, புகை வராத பக்கத்து யன்னல் ஒன்றைக் கை அகலம் திறந்து வையுங்கள்.

குசினியில் காஸ் சிலிண்டர் இருந்தால் அங்குள்ள நிரந்தரக் காற்றுத் துளைகளை எக்காரணம் கொண்டும் அடைக்க வேண்டாம். காஸ் கசிந்தால் வெளியேறும் வழி அதுதான்.

இவை தொல்லையைக் குறைக்கும், நிறுத்தா. வீடு கொஞ்சம் பரவாயில்லை என்று ஆனதும் அடுத்த படிகளை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. வடகிழக்குக் காற்று தொடங்கியதும் திரும்ப வருவார்கள்.

4. கட்டடத்தை மூன்றாகப் பிரியுங்கள்

எல்லா இடத்துக்கும் ஒரே அதிகாரம் பொருந்தாது. ஆகவே மூன்று பட்டியல்.

முதலாவது, சட்டம் நேரடியாகத் தொடும் இடங்கள். 2006-ஆம் ஆண்டின் 27-ஆம் இலக்கப் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம், மக்கள் வந்துபோகும் மூடிய பொது இடங்களில் புகைப்பதைத் தடைசெய்கிறது. அந்த இடத்துக்குப் பொறுப்பானவர் அதை உறுதிசெய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. கட்டடத்தின் கீழ்மாடியில் உள்ள கடை, வங்கிக் கிளை, வைத்தியர் கிளினிக், ரியூஷன் வகுப்பு, அலுவலகம் எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். 30 அறைகளுக்குக் குறையாத ஹோட்டல், 30 பேருக்குக் குறையாமல் இருக்கக்கூடிய உணவகம், விமான நிலையம் ஆகியவை தனிப் பகுதி ஒதுக்கலாம் என்று சட்டம் இடம் கொடுக்கிறது. கீழே பெரிய உணவகம் இருந்தால் இதைத் தெரிந்துவைத்துப் பேசுங்கள். அப்படி ஒதுக்கிய பகுதியின் புகை அதற்குள்ளேயே நிற்காது என்பது வேறு விஷயம். இலங்கை 2003-இல் ஏற்றுக்கொண்ட புகையிலைக் கட்டுப்பாட்டுச் சர்வதேச உடன்படிக்கையின் 8-ஆம் உறுப்புரைக்கான வழிகாட்டல்கள், தனி அறை ஒதுக்குவது பாதுகாப்பைத் தராது என்றே சொல்கின்றன.

இரண்டாவது, பொதுப் பகுதிகள்: படிக்கட்டு, லிப்ட், நடைபாதை, மண்டபம், வாகனத் தரிப்பிடம், மொட்டைமாடி, காற்றுக் கிணற்றைச் சுற்றிய இடம். இங்கே முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் விதி செல்லும். தனியார் தொடர்மாடியின் படிக்கட்டு பொது இடமா என்று பொலிஸோடு வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம். கட்டடத்தின் சொந்த விதி அதைவிட விரைவாக வேலை செய்யும்.

மூன்றாவது, வீட்டின் உட்பகுதியும் பால்கனியும். கடினமானது இதுதான். இதை முதலில் தொட்டால் முழு முயற்சியும் நின்றுபோகும். பொதுப் பகுதி விதி நன்றாக நடந்து ஒரு மாதம் ஆன பின்னர் பால்கனிக்கு வாருங்கள்.

5. கூட்டத்துக்கு முன் குடிப்பவர்களிடம் பேசுங்கள்

நேரில், தனியாக, சிகரட் கையில் இல்லாத வேளையில். கையில் எரியும்போது பேசினால் பிடிபட்டவர் ஆகிவிடுவார். வாட்ஸ்அப்பில் வேண்டவே வேண்டாம். எழுபது பேர் பார்க்கும் இடத்தில் யாரும் இறங்கிவர மாட்டார்கள்.

நீங்கள் பேச வந்தது அவருடைய பழக்கத்தைப் பற்றி அல்ல, புகை போகும் வழியைப் பற்றி. உங்கள் குறிப்புப் புத்தகத்துக்கு இங்கேதான் பயன். இப்படிச் சொல்லலாம்:

“அண்ணன், நீங்கள் குடிக்கிறதைப் பற்றி ஒண்டும் சொல்ல வரேல்லை. பின்னேரம் படியில பத்தினா புகை மேல எங்கட பிள்ளை படுக்கிற அறைக்குள்ள வருது. ஊதுபத்தி பிடிச்சுப் பாத்தனாங்கள், நீங்களும் ஒருக்கா வந்து பாருங்கோவன். எங்க நிண்டா ஒருத்தருக்கும் வராது எண்டு சேந்து பாப்பம்.”

மூத்தவரானால் ஐயா, அங்கிள். வாடகைக்கு இருக்கும் இளைஞர்களானால் தம்பி. சிங்கள, முஸ்லிம் அயலவர்களிடம் அவர்கள் மொழியில், அவர்களுக்கு நெருக்கமான ஒருவர் பேசட்டும். வீட்டுக்குள் அழைத்து ஊதுபத்திச் சோதனையைக் காட்டுவது எந்த அறிக்கையை விடவும் பலன் தரும். தன் புகை அவ்வளவு தூரம் போகும் என்று குடிப்பவருக்கு உண்மையாகவே தெரிந்திருக்காது; புகைப் பழக்கத்தில் அவர் மூக்கு அந்த மணத்தை உணர்வதும் குறைவு.

குடிப்பவர்களில் சிலராவது இதற்குச் சம்மதிப்பார்கள். அவர்களில் ஒருவரிடம் அடுத்த படியை ஒப்படையுங்கள்: வெளியே இடம் பார்ப்பது.

6. வெளியே ஓரிடத்தைத் தெரிவு செய்யுங்கள்

தடை தொடங்குமுன் இடம் தயாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குடிப்பவர் மழையில் கேற்றுக்குப் போகாமல் படிக்கட்டுக்கே திரும்புவார்.

அந்த இடம் யன்னல், வாசல், காற்றுத் துளை எதிலிருந்தும் குறைந்தது 25 அடி தள்ளி இருக்கட்டும். மேலே நேராகப் பால்கனி இருக்கக் கூடாது. சுவர்கள் சூழ்ந்த மூலையும் வேண்டாம். அங்கே புகை தேங்கும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் கட்டடத்தை நோக்கிக் காற்று வராத பக்கம் பாருங்கள். ஜெனரேற்றர் எரிபொருள், காஸ் சிலிண்டர் வைக்கும் இடம், குப்பை அறை ஆகியவற்றுக்கு அருகில் தீ ஆபத்து.

மொட்டைமாடி எல்லோருக்கும் முதலில் தோன்றும் இடம்; பிழையான இடமும் அதுதான். படிக்கட்டின் மேற்கதவு திறந்திருந்தால் காற்று மாறும் நேரங்களில் புகை படிவழியே கீழே இறங்கும், காற்றுக் கிணற்றுக்குள்ளும் விழும். உடுப்புக் காயவிடுகிறவர்களும் அங்கேதான் வருவார்கள். நிலக்கீழ் வாகனத் தரிப்பிடம் மூடிய இடம். அங்கிருந்து லிப்ட் குழியால் புகை எல்லா மாடிக்கும் ஏறும்.

வெள்ளவத்தைக் குறுக்குத் தெருக்களில் பல காணிகளில் 25 அடி கிடைக்கவே கிடைக்காது. அப்படியானால் 10 அடியில் ஓரிடம் கொடுத்துச் சமாளிக்காமல், வளாகம் முழுவதும் புகையற்றது என்று அறிவியுங்கள். அரைகுறை இடம் கீழ்மாடி வீட்டுக்காரரைப் பலிகொடுப்பதாகும்.

சிகரட் குறைகட்டை போடுவதற்கு மணல் நிரப்பிய வாளி வையுங்கள். தண்ணீர் ஊற்றிய டின் கூடாது: கொழும்பில் தண்ணீர் தேங்கிய எந்தப் பாத்திரமும் டெங்கு நுளம்புக்கு இடம். வாளியின் அடியில் நாலைந்து துளை போட்டால் மழைநீர் வடியும். மணலை வாரம் ஒருமுறை சலியுங்கள்.

7. விதியை எழுதி நிறைவேற்றுங்கள்

துணைவிதிகளில் கூட்ட அறிவித்தல் எத்தனை நாளுக்கு முன் போக வேண்டும், எவ்வளவு பெரும்பான்மை வேண்டும் என்று முதலில் பாருங்கள். முறை தவறினால் பின்னர் ஒருவர் அதையே பிடித்து விதியைச் செல்லாததாக்குவார். சந்தேகம் இருந்தால் தொடர்மாடிகளுக்குப் பொறுப்பான அரச அமைப்பான கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபையிடம் எழுத்தில் கேளுங்கள்.

வாசகம் சிறியதாக இருக்கட்டும். ஒரு மாதிரி:

“படிக்கட்டு, லிப்ட், நடைபாதை, மண்டபம், வாகனத் தரிப்பிடம், மொட்டைமாடி உட்பட எல்லாப் பொதுப் பகுதிகளிலும் சிகரட், பீடி, சுருட்டு, ஷீஷா, மின்சிகரட் ஆகியவற்றைப் பற்றவைப்பதும் பாவிப்பதும் கூடாது. குடியிருப்பாளர், வாடகையாளர், விருந்தினர், சாரதிகள், வேலையாட்கள், ஒப்பந்தக்காரர் அனைவருக்கும் இது பொருந்தும். ஊதுபத்தி, சாம்பிராணி, கற்பூரம், சமையல் புகை ஆகியவற்றுக்கு இவ்விதி பொருந்தாது.”

கடைசி வசனத்தை விடாதீர்கள். அது இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியையும் தடுக்கப் போகிறார்கள் என்று ஒருவர் எழும்புவார், கூட்டம் அத்தோடு திசைமாறும். வேலையாட்களையும் ஒப்பந்தக்காரரையும் பெயர் சொல்லி எழுதுவதற்கும் காரணம் உண்டு. பெயின்ற் அடிக்க, குழாய் திருத்த வருகிறவர்கள்தான் பகலில் படிக்கட்டில் அதிகம் நிற்கிறார்கள்.

அபராதத்தை முதல் நாளே எழுத வேண்டாம் என்பது எங்கள் தீர்மானமான கருத்து. துணைவிதி அதற்கு இடம் கொடுக்கிறதா என்பதே முதல் கேள்வி. கொடுத்தாலும், அறவிட முடியாத ஓர் அபராதம் மற்ற எல்லா வரிகளின் மதிப்பையும் கெடுக்கும்.

வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் ஒப்பந்தத்தில் இந்த விதியைச் சேர்க்க வேண்டும். நாட்கணக்கில் விருந்தினருக்கு விடும் வீடுகளில் அறைக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள்.

8. பலகைகளும் காவலாளிகளும்

தொடங்கும் நாளாக மாதத்தின் முதலாம் திகதி ஒன்றைக் குறியுங்கள். புதுவருடம், நத்தார், தீபாவளி வாரங்கள் வேண்டாம். அதற்கு முதல்நாள் பொதுப் பகுதியில் உள்ள எல்லாச் சாம்பல் கிண்ணங்களையும், படியோரத்து மீன்டின் உட்பட, அகற்றுங்கள். பலகை ஒட்டிக் கிண்ணத்தை விட்டுவைத்தால் மக்கள் கிண்ணத்தைத்தான் நம்புவார்கள்.

பலகை சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும். கேற், ஒவ்வொரு லிப்ட் கதவு, ஒவ்வொரு படித்திருப்பம், கண்மட்டம் ஏறத்தாழ ஐந்து அடி. வெளியே ஒதுக்கிய இடத்துக்கு அம்புக்குறி போட்டதாகவும் ஒன்று.

காவலாளியிடம் தனியாகப் பேசுங்கள். இரவுக் கடமையில் அவரே குடிப்பவராக இருக்கலாம். அவருக்கும் அந்த இடத்துக்குப் போய்வர நேரம் கொடுங்கள். அவர் வேலை வழிகாட்டுவது மட்டும். “சேர், உள்ளுக்க பத்த ஏலாது, பின்பக்கம் இடம் இருக்கு, அங்க போங்கோ” என்ற ஒரே வசனத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் பழக்குங்கள். வீட்டுக்காரரோடு வாக்குவாதப்படச் சொல்லி அவரை மாட்டிவிடாதீர்கள். வேலை போகும் பயத்தில் அவர் அடுத்த முறை கண்ணை மூடிக்கொள்வார்.

9. விதி மீறப்படும்போது

முதல் முறை, குழு உறுப்பினர் ஒருவர் நேரில் சொல்வது. பாதிக்கப்பட்ட அயலவர் போகக் கூடாது. அது தனிப்பட்ட சண்டையாகிவிடும். இரண்டாம் முறை, திகதியும் நேரமும் குறித்த கடிதம். வாடகையாளரானால் வீட்டு உரிமையாளருக்கும் பிரதி. மூன்றாம் முறை, குழுக் கூட்டத்துக்கு அழைப்பு.

ஒருவர் குடிப்பதை வீடியோ எடுத்துக் குழுவில் போடுவது எல்லாவற்றையும் கெடுக்கும் செயல். அதன் பிறகு பேச்சு புகையைப் பற்றியதாக இராது.

கீழ்மாடிக் கடை, அலுவலகம் போன்ற முதற்பட்டியல் இடங்களுக்கு வழி வேறு. பொறுப்பாளரிடம் சட்டத்தைச் சுட்டிக்காட்டி எழுத்தில் கொடுங்கள். பலன் இல்லாவிட்டால் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ பொலிஸிலோ முறையிடலாம். குறிப்புப் புத்தகத்தின் பிரதியைக் கொண்டுபோங்கள். திகதியில்லாத முறைப்பாட்டை வைத்து அவர்களால் எதுவும் செய்ய முடியாது.

திரும்பத் திரும்ப மீறுகிறவர் பெரும்பாலும் அடிமைப்பட்டவர், திமிர் பிடித்தவர் அல்ல. நிறுத்த விரும்புகிறவருக்கு 1948 என்ற இலவசத் தொலைபேசி ஆலோசனைச் சேவை இருக்கிறது. அந்த இலக்கத்தைப் பலகையின் கீழேயே அச்சிடுங்கள். அவருக்கு இதையும் சொல்லுங்கள்: நிறுத்திய முதல் மூன்று நாள்தான் மிகக் கடினம், எரிச்சலும் தூக்கமின்மையும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணியும், ஒவ்வொரு தவிப்பும் சில நிமிடங்களே நிற்கும். நிகொட்டின் சுவிங்கம், ஒட்டுப்பட்டி ஆகியவற்றை வைத்தியரிடம் கேட்டுப் பாவிக்கலாம்.

10. பால்கனிக்கு வருதல்

பொதுப் பகுதி ஒரு மாதம் சீராக நடந்தால் இதைத் தொடங்கலாம். தடை என்று தொடங்காமல், நேரமும் இடமும் பற்றிய உடன்பாடாகத் தொடங்குங்கள். மேல்வீட்டில் குழந்தை இருந்தால் அந்தப் பக்கப் பால்கனியில் வேண்டாம், கீழே போய்க் குடிக்கலாம் என்று இரண்டு வீடும் பேசி முடிப்பது பல இடங்களில் நடக்கிறது. வீட்டுக்குள் யன்னலோரம் நின்று ஊதுகிறேன் என்ற சமரசத்தை ஏற்க வேண்டாம். வெளியே ஊதியது காற்றோடு திரும்பும், நுனிப்புகை வீட்டுக்குள்ளேயே நிற்கும். காரிலும் ஓட்டோவிலும் கண்ணாடியை இறக்கிவிட்டுக் குடிப்பதற்கும் இதே கதைதான்.

11. ஒட்டிய புகையைக் கழுவுதல்

சிகரட் குடித்த வீட்டுக்குப் புதிதாகக் குடிபோகிறவர்களுக்கும், நிறுத்திய வீட்டுக்கும் இது தேவை. நிகொட்டின் சுவர், துணி, மெத்தையில் படிந்து மாதக்கணக்கில் வெளிவந்துகொண்டிருக்கும். தவழும் பிள்ளை கையில் ஒட்டி வாய்க்குப் போகும்.

வரிசை முக்கியம். முதலில் துணி: திரைச்சீலை, குஷன் உறை எல்லாவற்றையும் கழற்றித் துவையுங்கள். பழைய மெத்தையும் கம்பளமும் கழுவிச் சரிவரா, அகற்றுங்கள். பிறகு ஏசி: வடிகட்டியை மட்டும் கழுவாமல் உட்சுருளையும் சேர்விஸ்காரரைக் கொண்டு கழுவுங்கள். அடுத்து சுவர். சவர்க்காரத் தண்ணீரால் கீழிருந்து மேலாகத் துடையுங்கள். மேலிருந்து தொடங்கினால் வழியும் மஞ்சள் நீர் காய்ந்த சுவரில் கோடு விழுத்தும். நிகொட்டின் காரத்தன்மை உடையது என்பதால் விநாகிரி கலந்த தண்ணீரால் இரண்டாம் முறை துடைத்தால் நன்றாகக் கழரும். அதோடு குளோரின் பிளீச்சைச் சேர்க்காதீர்கள், நச்சுவாயு வரும். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு அடைப்புப் பூச்சு ஒன்று, அதன்மேல் பெயின்ற். கழுவாமல் பெயின்ற் அடித்தால் மழைக்கால ஈரத்தில் மஞ்சள் கறையும் மணமும் மேலே வந்துவிடும்.

12. 30, 60, 90-ஆம் நாட்களில் பார்க்க வேண்டியவை

30-ஆம் நாள் படிக்கட்டுகளில் குறைகட்டைகளை மாடிவாரியாக எண்ணி, தொடக்கத்தில் இருந்ததோடு ஒப்பிடுங்கள். ஒரே மாடியில் மட்டும் குறையவில்லையானால் அங்கே ஒருவரோடு பேச்சு மிச்சம் இருக்கிறது.

60-ஆம் நாள் வெளியிடத்தைப் பாருங்கள். அங்கே ஆளே இல்லை, வாளியும் வெறுமை என்றால் குடிப்பவர்கள் வேறெங்கோ நிற்கிறார்கள். பெரும்பாலும் காற்றுக் கிணற்றுப் பக்கக் குளியலறையில்.

90-ஆம் நாள், புகை வந்துகொண்டிருந்த வீடுகளில் மட்டும் மீண்டும் ஒரு வாரம் குறிப்பெடுங்கள். இடையில் பருவக்காற்று மாறியிருந்தால் ஊதுபத்திச் சோதனையையும் திரும்பச் செய்து, வரைபடத்தில் புதிய வழிகளை வேறு நிறத்தில் குறியுங்கள். புதிதாகக் குடிவருகிறவர்களுக்குத் திறப்புக் கொடுக்கும்போதே விதியின் பிரதியையும் கொடுத்து, கையெழுத்து வாங்கிக் கோப்பில் வையுங்கள்.